நிமிர்ந்து நின்ற பேரல்கள்

அக்டோபர் 6, திங்கள்

ஆயில் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. ஒன்பது மாதமாக டிராயரில் பழைய சாவிகளுக்கு அடியில் கிடந்தது. இன்று வெளியே எடுத்தேன். இதுவரை சரக்கு விவரத்தையெல்லாம் சாப்பிடும்போது மங்கையிடம் சொல்லிவிடுவேன். என்றைக்குக் கேட்டாலும் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். சித்திரையில் எங்கள் மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள் இன்னும் வரவில்லை. பேத்திக்கு நாலு மாதம். குழந்தை சின்னது, மகளுக்கு ஒத்தாசை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதனால் எழுதி வைக்கிறேன்.

டிராக்டர் ஆயில் பதினொரு பேரல். ஒன்று திறந்தது, கடைக்குள் இருக்கிறது. மீதிப் பத்தும் கம்பெனி சீலோடு பின்புறம் வெட்டவெளியில் நிற்கின்றன. ஆவணியில் ஷெட்டை அறுவடை மெஷின் நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டேன். பேரலைப் படுக்கப் போட்டால் இடத்தை அடைக்கும், உருட்டி முட்டுக் கொடுக்க இரண்டு ஆள் வேண்டும். நிமிர்த்தி வைக்க ஒரு ஆள் போதும். நானே நிமிர்த்தி வைத்தேன். சீல் போட்ட இரும்புப் பேரலுக்கு எதற்குக் கூரை.

இன்னாசி காலையில் வந்தான். மன்னார்குடி ரோட்டில் என் கடைக்கு நேர் எதிரே அவனுடைய டிராக்டர் பட்டறை. இருபத்தாறு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். நான் சைக்கிளில் கேன் கட்டி ஆயில் விற்ற காலத்தில் முதல் கேன் வாங்கியவன் அவன். குறுவை அறுத்த வயலில் தாளடி உழவு தொடங்கிவிட்டது, இனி நாற்பது நாளைக்குக் குனிந்த தலை நிமிர முடியாது என்றான். அந்த நாற்பது நாள் வேலைதான் அவனுக்கு வருடம் முழுக்கச் சோறு.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் நல்ல மழை. மங்கை போன் செய்தாள். குழந்தை குப்புற விழுகிறதாம். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்றாள். சீசன் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

பின்பக்கம் போனபோது ஒரு காக்கை பேரல் தலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. விரட்டினேன். கிரீஸ் டப்பா இருபது வந்து இறங்கியது.

அக்டோபர் 11, சனி

செண்பகவல்லியின் டிராக்டரை இழுத்துக்கொண்டு வந்து இன்னாசி பட்டறையில் விட்டார்கள். புருஷன் போன பிறகு அந்த வண்டியைத் தானே ஓட்டி, தன் நிலத்தையும் உழுது, ஊராருக்கும் வாடகைக்கு உழுது இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண். சேற்றைக் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கவே மாட்டேன் என்கிறதாம் லிஃப்ட்.

டிராக்டரில் கியர் பெட்டிக்கும், பின்னால் பாரம் தூக்குகிற ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். இன்னாசி அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினான். பொன் நிறத்தில் வரவேண்டியது பால் அதிகம் ஊற்றின டீயாக வந்தது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான். தண்ணீர் கலந்த எண்ணெய் வழுக்காது, பம்ப்பைத் தின்றுவிடும். சேற்றில் அச்சு மூழ்க உழுததால் அச்சைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வழியாக ஏறியிருக்கும் என்றான் இன்னாசி. சீலை மாற்றி, உள்ளே கழுவி, என்னிடம் வாங்கிய புது எண்ணெயை ஊற்றி அனுப்பினான். திறந்த பேரல் தீர்ந்தது. அடுத்ததை உள்ளே நகர்த்தி சீலை உடைத்து, அதிலிருந்துதான் அவனுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 15, புதன்

எழுத வேண்டியது ஒன்று நடந்தது. உள்ளபடி எழுதுகிறேன்.

நாலே நாளில் செண்பகவல்லியின் வண்டி திரும்பவும் நின்றுவிட்டது. பட்டறைக்கு இழுத்து வந்து திறந்தால் திரும்பவும் அதே பால் டீ. இந்தத் தடவை பம்ப்பும் போய்விட்டது. காலையில் பாலத்து டீக்கடையில் பத்துப் பதினைந்து டிராக்டர்காரர்களோடு நான் நின்ற இடத்துக்கு அவள் நேராக வந்தாள். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு வாரத்தில் நடாவிட்டால் வைக்கோலுக்குக்கூடத் தேறாது என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆயில்காரரே, எல்லாரும் இருக்கையிலயே கேக்குறேன். கோளாறு ஒங்க எண்ணெயிலயா, ஊத்துன ஆளுகிட்டயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வியாபாரத்தில் அப்படி ஒரு கேள்விக்கு மூச்சு விடும் நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தயங்கினால் தயக்கமே பதிலாகிவிடும். என் பேரல் கம்பெனி சீலோடு வருகிறது, உங்கள் கண் முன்னாலேயே உடைக்கிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டறையில் தண்ணீரைப் பீச்சி அடித்து வண்டி கழுவும்போது கியர் பெட்டி மேலே இருக்கிற காற்றுத் துவார மூடியை இன்னாசி சரியாக மூடுவதில்லை, அது வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கும் என்றும் சொன்னேன்.

இன்னாசி அப்போது அங்கே இல்லை. டீக்கடையில் சொன்னது பட்டறைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும். செண்பகவல்லியே போய், வாசலில் நின்று, நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போனாள். என் கடையில் இருந்தே எல்லாம் கேட்டது.

அக்டோபர் 16, வியாழன்

இன்னாசி டீ குடிக்க வரவில்லை. வேலை இருக்கும்.

அக்டோபர் 18, சனி

மழை. இன்னும் இரண்டு வண்டிக்கு இதே நோவு. இரண்டும் இன்னாசி எண்ணெய் மாற்றியவை. மூடாமல் கழுவுகிற மெக்கானிக் என்று பெயர் கிளம்பிவிட்டது. அவனிடம் வேலைக்கு நின்றிருந்த மூன்று வண்டிகளையும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

கல்லாவில் உட்கார்ந்தால் அவன் பட்டறை நேரே தெரியும். சீசனில் அவனை முழுசாகப் பார்க்க முடியாது, வண்டிக்கு அடியில் கால் மட்டும் தெரியும். இன்று முழு ஆளும் தெரிந்தான். கவிழ்த்துப் போட்ட டயரில் உட்கார்ந்து ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சத்தில் கண் கூசுகிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கடை அடைப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. ஓட்டலும் அடைப்பு, சாதம் வடித்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். மகள் வீடியோவில் குழந்தையைக் காட்டினாள். குழந்தை என்னைப் பார்த்து அழுதது. புது முகம்.

மங்கை, இன்னாசி அண்ணன் வந்தாரா என்று கேட்டாள். தீபாவளிக்கு அவன் இங்கே வருவதும் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே போவதும் வழக்கம். வந்தான், அதிரசம் சாப்பிட்டான் என்றேன். அதிரசம் யார் சுட்டது என்று அவள் கேட்கவில்லை. சரி என்று போனை வைத்தாள்.

அக்டோபர் 22, புதன்

காலி கேன் கேட்கிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். இத்தனை வருடமாக “வாய்யா” என்று கூப்பிடுபவன், எழுந்து நின்று, “வாங்க” என்றான். கேனை எடுத்துக் கொடுத்தான். நான் கிளம்பும்போதுதான் கேட்டான்.

“நான் மூடாமக் கழுவுனத நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து. மூடி விரல் அளவு. அது மூடியிருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும். இதை இங்கே எழுதுகிறேன். அங்கே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கேன் எனக்குத் தேவையில்லை. கடையில் முப்பது கிடக்கிறது.

அக்டோபர் 25, சனி

நாலாவது வண்டி. இந்த வண்டியை இன்னாசி தொட்டதே இல்லை. சொந்தக்காரரே வீட்டு வாசலில் வைத்து எண்ணெய் மாற்றினாராம். தண்ணீர் விட்டுக் கழுவவும் இல்லை. எண்ணெய் என்னிடம் வாங்கியது.

சேறு என்றேன். அவரும் சேறுதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

தூக்கம் சரியில்லை. கொசு.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று மத்தியானம் சுள்ளென்று வெயில். பின்னால் போய் பேரலைத் தொட்டேன், கை சுட்டது. மூன்று மணிக்குத் திடீர் மழை. மழை விட்டதும் பார்த்தால் ஒவ்வொரு பேரல் தலையிலும், விளிம்புக்குள், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. பேரல் தலையில் இருக்கிற திருகு மூடி இரண்டும் அதற்குள் முழுகிக் கிடந்தன. முதல் பேரலில் தண்ணீர் நின்ற உயரத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று காலை தண்ணீர் கீறலுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. ராத்திரி முழுக்க மூட்டம், காய்ந்திருக்க முடியாது. காக்கை குடித்தால் இவ்வளவா குறையும்.

கடையைத் திறக்கவில்லை. அந்தப் பேரலின் சீலை உடைத்தேன். கைப்பம்ப்பின் குழாயைத் தரை வரைக்கும் இறக்கி அடித்தேன். முதலில் வந்தது எண்ணெய் இல்லை. துருக் கலந்த தண்ணீர், அரை வாளி. அப்புறம் கலங்கல். அப்புறம்தான் எண்ணெய். அதுவும் பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது.

கம்பெனிக்காரன் ஒரு கூட்டத்தில் செய்து காட்டிய சோதனை ஞாபகம் வந்தது. கடையை ஒட்டிய வீட்டுச் சமையலறைக்குப் போய் மங்கையின் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் மட்டும் என்றால் சத்தமில்லாமல் புகையும். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். வெடித்தது. இரண்டாவது பேரல், வெடித்தது. நின்ற பேரல் ஒவ்வொன்றாக உடைத்துக் கல்லில் விட்டேன். விற்றது போக நின்ற ஆறில் ஒன்று மட்டும் சும்மா இருந்தது.

இப்போது புரிகிறது. வெயிலில் எண்ணெய் உப்பி மூடியின் மரை வழியாகக் காற்றை வெளியே தள்ளுகிறது. மழையில் குளிர்ந்ததும் சுருங்கி இழுக்கிறது. இழுக்கும்போது மூடி மேலே நிற்பது தண்ணீர். தினம் கொஞ்சம், இரண்டு மாதமாக. சீல் திருடனைத்தான் தடுக்கும். படுக்கப் போட்டிருந்தால் மூடி எண்ணெய்க்குள் முழுகியிருக்கும், தண்ணீர் தங்கவும் இடமில்லை. அதனால்தான் எல்லா வியாபாரியும் படுக்கப் போடுகிறான். நான் மட்டும் இடத்தை மிச்சம் பிடித்தேன்.

செண்பகவல்லிக்கு முதல் தடவை சேறாகவே இருக்கலாம். இரண்டாவது தடவை நான்.

அக்டோபர் 28, செவ்வாய்

இது யாருக்கும் தெரியாது. ஒரு வியாபாரியாக யோசித்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கெட்ட எண்ணெயைக் கழிவுக்குத் தள்ளிவிட்டு, புதுச் சரக்கு இறக்கி, ஷெட்டைக் காலி செய்து படுக்கப் போட்டுவிட்டால் இனி எந்த வண்டிக்கும் ஒன்றும் ஆகாது. கோளாறு தானாக நின்றுவிட்டது என்று இருப்பார்கள். இன்னாசி இந்த சீசனை இழப்பான். அடுத்த சீசனில் ஜனங்கள் மறந்துவிடலாம். மறக்காமலும் இருக்கலாம். மூடாமல் கழுவுகிறவன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த ஆளுக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொள்ளும் ஊர் இது.

கோளாறைச் சரிசெய்துவிட்டால் போதும், சொல்ல வேறு வேண்டுமா. இதுதான் என் வழக்கம்.

பங்குனியில் சமையலறையில் காஸ் கசிந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் கேட்க, காஸ் திருகை மூடாமல் விட்டு வீட்டையே கொளுத்தப் பார்த்தாள் என்று மங்கையைச் சத்தம் போட்டேன். நான் மூடினேன் என்றாள் ஒரே ஒரு தடவை. பத்து நாள் கழித்து காஸ் கம்பெனி ஆள் வந்து, டியூபில் எலி கடித்த வெடிப்பைக் காட்டினான். புது டியூப் மாட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. டியூபைத்தான் மாற்றியாகிவிட்டதே. அடுத்த வாரம் அவள் ஓசூர் போனாள், பிரசவத்துக்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

காலையில் பாலத்து டீக்கடைக்குப் போனேன். முன்பு சொன்ன அதே இடத்தில் நின்று சொன்னேன். எண்ணெயில்தான் தண்ணீர், என் பேரலில்தான் இறங்கியது, இன்னாசி மேல் குற்றமில்லை, அவன் மூடாமல் கழுவியதை நான் பார்க்கவே இல்லை என்றேன்.

பூமி பிளக்கவில்லை. ஒருவர் அப்படியா என்றார். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீ கிளாஸை வைத்தார். பாதிப் பேர், இருந்தாலும் இன்னாசி கொஞ்சம் அவசரக்காரன்தான் என்று பேச ஆரம்பித்தார்கள். அன்றைக்கு நான் சொன்ன பொய்க்குக் காலும் இறக்கையும் இருந்தன. இதை நான் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனால்தான் நகரும் போலிருக்கிறது.

அங்கிருந்து பட்டறைக்குப் போனேன். அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையிலிருந்த போல்ட்டை மரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். ஊற்றும்போது உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வேற எவன்கிட்ட வாங்கியிருந்தாலும் ஒரு சொட்டு சுட்டுப் பாத்திருப்பேன். ஒன் எண்ணெய்ய நான் எதுக்குய்யா சுட்டுப் பாக்கணும்?”

லாரி ஒன்று போனது.

கெட்ட எண்ணெய் போன வண்டி எல்லாவற்றையும் திறந்து கழுவி நிரப்ப வேண்டும், செலவு என்னுடையது, வேலை உன்னுடையது என்றேன். செய்கிறேன் என்றான். ஆனால் எந்த வீட்டு வாசலுக்கும் தான் போய் நிற்கமாட்டானாம், வண்டிக்காரர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். வரவைப்பது என் பாடு.

அக்டோபர் 31, வெள்ளி

இரண்டு நாளில் ஆறு ஊர். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பாட்டு. ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடாத குறை. அந்த நல்ல மனிதர் மட்டும், சேறாகவும் இருக்கலாமே என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இல்லை என்றேன்.

நவம்பர் 1, சனி

செண்பகவல்லியைக் கடைசியாக வைத்திருந்தேன். பயம்தான். வயலில் இருந்தாள். மன்னார்குடியில் பம்ப் மாற்றி வண்டி வர ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. முற்றிய நாற்றைத்தான் நட்டிருக்கிறாள். பாதி பிடிக்கவில்லை, அங்கங்கே சொட்டையாகத் தண்ணீர் தெரிந்தது.

வரப்பில் நின்று சொன்னேன். பம்ப்புக்கும் நடவுக்கும் ஆனதைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் நாற்றை ஊன்றிக்கொண்டே கேட்டாள்.

“பணத்த வாங்கிக்குறேன், வுட மாட்டேன். அன்னைக்கு அந்த மனுசன் நெறஞ்ச பட்டறையில நின்னாரு. வாயில வந்ததெல்லாம் கேட்டேன். பிச்ச எடுத்துதான் போவீங்கன்னு கூடச் சொன்னேன். ஒத்த வார்த்த திரும்பப் பேசல. அத எங்க கொண்டு போயி குடுப்பீங்க?”

வரப்பில் நின்றுகொண்டே இருந்தேன். போங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மங்கைக்கு நானே போன் செய்தேன். டியூபில் எலி கடித்திருந்தது, நீ திருகை மூடித்தான் இருந்தாய் என்றேன். எதிர்முனையில் குழந்தை சிணுங்கியது.

“இது எனக்கு அன்னைக்கே தெரியுமே,” என்றாள். “ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

பங்குனியில் என்றேன். சரி என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு செண்பகவல்லி டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. பட்டறை வாசலில் நிறுத்தி இறங்கி, தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, இனி என் வண்டியை நீங்கதான் பாக்கணும்ண்ணே என்றாள். அவன் தலையை ஆட்டி, சாவியை வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு வண்டி வந்தது. சாயங்காலம் கல்லாவில் இருந்து பார்த்தேன், அவன் கால் மட்டும் தெரிந்தது.

என் கடையில் கூட்டம் குறைவு. எதிர்பார்த்ததுதான்.

நவம்பர் 6, வியாழன்

புதுச் சரக்கு நாலு பேரல். மெஷின்காரரைக் காலி செய்யச் சொல்லி, ஷெட்டுக்குள் படுக்கப் போட்டேன். கூலிக்கு ஒரு ஆள் வைத்து.

இன்னாசிக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. ஊரில் வேறு இடத்தில் வாங்குவான் என்று நினைத்திருந்தேன். கேனோடு வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை. கேனை வைத்துவிட்டு, கல்லைப் போடுங்க என்றான்.

புரிந்தது. கேனை நிரப்பிவிட்டு, தோசைக்கல்லை எடுத்து வந்து கடையில் இருக்கிற சின்ன அடுப்பில் வைத்தேன். காய்ந்ததும் அவனே கேனில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டான். இரண்டு பேரும் குனிந்து காதைக் கொடுத்தோம். சத்தமில்லை. புகைந்து, சுருங்கி, கறுத்தது. அவன் நிமிர்ந்து, சரி என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

நவம்பர் 7, வெள்ளி

இன்றும் வந்தான். இன்றும் கல், சொட்டு, சரி.

நவம்பர் 8, சனி

அவன் அவசரத்தில் இருப்பான், காக்கவைக்கக் கூடாது என்று இன்று அவன் பட்டறையில் கேனை எடுக்கும்போதே அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைத் தயாராக வைத்திருந்தேன். வந்தான், விட்டான், கேட்டான், போனான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கல் கனம். காய எப்படியும் எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும். நாளைக்கு அவன் வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.